காலி அலமாரியும் பதுக்கல் பழியும்

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப் பொருள்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டுக்கு மக்களின் பீதியும் பேராசையுமே காரணம் என்ற கருத்து 2020 மார்ச்சில் உருவாகி, இன்றுவரை பெரிய எதிர்ப்பின்றி நிலைத்திருக்கிறது. தீர்ந்துபோன பொருள் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பிரிட்டனில் கோதுமை மாவும் பாஸ்தாவும், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கழிவறைத் தாள், இந்தியாவில் கிருமிநாசினி, முகக்கவசம், பருப்பு, காய்கறி. சொல்லப்பட்ட விளக்கம் மட்டும் எங்கும் ஒன்றாகவே இருந்தது: நாட்டில் சரக்குக்குக் குறைவில்லை; பயந்தவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிப்போனார்கள்; பின்னால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இதை மிக உயர்ந்த இடங்களிலிருந்தே சொன்னார்கள். 2020 மார்ச் 18 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன், பதுக்குவதை நிறுத்துங்கள் என்று தம் மக்களைக் கடிந்துகொண்டார். அது ஆஸ்திரேலியருக்கு அழகில்லை என்றார். மறுநாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, பதறிப்போய்ப் பொருள்களை வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று தொலைக்காட்சி உரையில் கேட்டுக்கொண்டார். பிரிட்டிஷ் அமைச்சர்களும் பொறுப்புடன் வாங்குங்கள் என்றார்கள். தமிழகத்தில் ஊரடங்குக்கு முந்தைய நாள்களில் கடைவீதிகளில் திரண்ட கூட்டத்தைக் காட்டிய தொலைக்காட்சிச் செய்திகள் ‘பொறுப்பற்ற மக்கள்’ என்ற தொனியிலேயே பேசின.

இந்த விளக்கம் பெரும்பகுதி தவறானது. தவறு என்பதோடு போகவில்லை, தீங்கும் செய்தது. சரக்கு நகராததற்கான உண்மைக் காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பியது. ஒரு வாரத்துக்கான அரிசி வாங்கக்கூட வசதியில்லாதவரையும் குற்றவாளி வரிசையில் நிறுத்தியது. அடுத்த நெருக்கடிக்கு என்ன ஆயத்தம் செய்வது என்ற கேள்விக்கும், மக்கள் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே பதிலைத்தான் விட்டுச்சென்றது.

மக்கள் உண்மையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. வீடுகளின் கொள்முதலைத் தொடர்ந்து பதிவுசெய்யும் காந்தார் நிறுவனம் 2020 மார்ச்சில் ஆராய்ந்தபோது, பாஸ்தா வாங்கியவர்களில் 3 சதவீதத்தினரும் திரவ சோப்பு வாங்கியவர்களில் 6 சதவீதத்தினரும்தான் அசாதாரண அளவில் வாங்கியிருந்தார்கள். மற்றவர்கள் வழக்கமான பட்டியலோடு ஒன்றிரண்டு பொருள்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள், கடைக்கு ஓரிரு முறை கூடுதலாகப் போயிருந்தார்கள். அலமாரிகளைக் காலியாக்க அதுவே போதுமாக இருந்தது.

அதே மாதத்தில் பிரிட்டனின் சில்லறை வணிகர் கூட்டமைப்பு ஒரு தொகையைச் சொன்னது. 3 வாரங்களுக்கு முன்பு இருந்ததைவிட 100 கோடி பவுண்டு மதிப்புள்ள உணவு மக்களின் வீடுகளில் கூடுதலாக இருக்கிறது என்றது. பதுக்கலுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்பதுபோல் ஊடகங்கள் அந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அதை வகுத்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரிட்டனில் ஏறத்தாழ 2.8 கோடி வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு 36 பவுண்டு, அதுவும் 3 வாரங்களில். வாரத்துக்கு 12 பவுண்டு. பள்ளிகளும் உணவகங்களும் மூடப்படவிருந்த வாரங்களில், வீட்டில் ஒருவருக்கு நோய் அறிகுறி வந்தால் குடும்பமே 14 நாள் வெளியே வரக் கூடாது என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு குடும்பம் வாரத்துக்கு 12 பவுண்டுக்குக் கூடுதலாக உணவு வாங்கிவைத்தது. இதற்குப் பேராசை என்று பெயரிடுவது அநியாயம். குடும்பம் நடத்தும் எவரும் செய்யக்கூடிய சாதாரண முன்யோசனைதான் இது.

அப்படியானால் இவ்வளவு சிறிய கூடுதல் எப்படிக் கடைகளை வெறுமையாக்கியது? கடைகளிலும் கிடங்குகளிலும் உபரி என்று ஒன்று இல்லாமல் செய்யப்பட்டிருந்தது என்பதே இதற்கு விடை. சரக்கை இருப்பு வைப்பது பணத்தை முடக்குவது என்று கருதி, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வந்து சேரும்படி விநியோகத்தை இறுக்கிப் பிடிப்பது கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருவணிகத்தின் இலக்கணம் ஆகிவிட்டது. சாதாரண நாள்களில் இதனால் செலவு குறைகிறது. எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கினால் தாங்கிக்கொள்ள அந்த அமைப்பில் இடமில்லை. இந்த முடிவை எடுத்தவர்கள் வீட்டுக்காரர்கள் இல்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. தேவையே இடம் மாறியிருந்தது. தமிழ் வாசகர்களுக்குக் கழிவறைத் தாள் தட்டுப்பாடு அப்போது ஒரு நகைச்சுவைச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. தண்ணீர் பயன்படுத்தும் சமூகத்துக்கு அந்தப் பதற்றம் விளங்கவில்லை. ஆனால் அதன் உள்கதை வேடிக்கையானது அன்று. அலுவலகத்திலும் பள்ளியிலும் உணவகத்திலும் நாளின் பாதியைக் கழித்தவர்கள் முழுநாளும் வீட்டில் அடைபட்டார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் நாள் முழுதும் வீட்டிலேயே இருந்தால் வழக்கத்தைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகத் தாள் செலவாகும் என்று அமெரிக்காவின் பெரிய உற்பத்தி நிறுவனமான ஜார்ஜியா-பசிபிக் கணக்கிட்டது. அலுவலகங்களுக்குப் போகும் தாள் வேறு சரக்கு. பெரிய சக்கரம் போன்ற சுருள், மெல்லிய தரம், வேறு பொதி, வேறு வியாபாரி, வேறு லாரி. ஒரு பக்கம் அந்தச் சுருள்கள் வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, மறுபக்கம் வீட்டுச் சுருள்கள் தீர்ந்தன. முன்னதைப் பின்னதாக மாற்றுவது ஓர் இரவில் முடிகிற காரியமில்லை. ஆலைகள் ஏற்கெனவே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன.

பிரிட்டனின் கோதுமை மாவு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அந்த நாட்டில் அரைக்கப்படும் மாவில் 4 சதவீதம்தான் கடைகளில் சிறு பையாக விற்பனையாகிறது. மீதியெல்லாம் ரொட்டி ஆலைகளுக்கும் உணவுத் தொழிற்சாலைகளுக்கும் டேங்கர் வண்டிகளிலும் பெரிய சாக்குகளிலும் போகிறது. ஊரே வீட்டில் ரொட்டி சுடத் தொடங்கியதும் மாவாலைகள் இரவுபகலாக ஓடின. சிறு பைகளின் உற்பத்தியை இரட்டிப்பாக்கின. அப்போதும் வாரத்துக்கு 40 லட்சம் பைகளுக்கு மேல் அடைக்க முடியவில்லை. அந்த அளவு, வீடுகளில் 15 சதவீதத்துக்கு வாரம் ஒரு பை கொடுக்கத்தான் போதும் என்று மாவாலைகளின் சங்கமே சொன்னது. கோதுமை இருந்தது, மாவு இருந்தது, இல்லாதது ஒன்றரைக் கிலோ மாவைக் காகிதப் பையில் அடைக்கும் இயந்திரம். ஒரே ஒரு பை மாவு வாங்கப் போய்க் காலி அலமாரியைப் பார்த்துத் திரும்பிய பெண்மணியிடம், உங்களைப் போன்றவர்கள் பதுக்கியதால்தான் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்!

அமெரிக்காவில் பாலுக்கும் இதே கதி. 2020 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 37 லட்சம் கேலன் வரை, அதாவது ஏறத்தாழ 1.4 கோடி லிட்டர் பாலை விவசாயிகள் கீழே கொட்டியிருக்கலாம் என்று அந்நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவு அமைப்பு மதிப்பிட்டது. அதே நாள்களில் பல பேரங்காடிகளில் ஆளுக்கு ஒரு பால் கேன்தான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்கும் காபிக் கடைக்கும் போய்க்கொண்டிருந்த பாலை வீட்டுக்கான கேனில் நிரப்ப வழியில்லை.

இந்தியாவில் பொருள்களை மறித்தது முதலில் அரசாணைதான். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசத் தொடங்கினார். நள்ளிரவு முதல் 21 நாள் முழு ஊரடங்கு என்றார். 130 கோடிப் பேருக்குக் கிடைத்தது 4 மணி நேரம். மளிகைக் கடை திறந்திருக்குமா, பால் வருமா என்பது அந்த உரையைக் கேட்டு முடித்தவர்களுக்குத் தெளிவாகவில்லை. அவர்கள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார்கள். அதன் பிறகுதான், அத்தியாவசியப் பொருள்கள் கிடைக்கும், பதற வேண்டாம் என்ற விளக்கம் வந்தது. மூன்று வாரம் வெளியே வராதே என்று சொல்லப்பட்ட ஒருவர், வீட்டில் மூன்று வாரத்துக்கு அரிசி பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பீதியா? சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டவர் செய்யும் செயல் அதுதான்.

ஆணையின் சொற்கள் இன்னும் பெரிய தடையாயின. அத்தியாவசியப் பொருளை ஏற்றிவரும் வண்டிக்கு மட்டும் அனுமதி என்றதால், எது அத்தியாவசியம் என்பதை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நிற்கும் காவலர் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பிஸ்கட் அத்தியாவசியம் என்றால் பிஸ்கட்டை அடைக்கும் அட்டைப்பெட்டி அத்தியாவசியமா? எண்ணெய் சரி, எண்ணெய் நிரப்பும் உறை? அரிசி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரி எந்த வகை? சாலையோரம் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்களுக்குச் சாப்பாட்டுக் கடை இல்லை. சரக்கு இறக்கச் சுமைதூக்குவோர் வரவில்லை. மளிகைக் கடைக்கு வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த விநியோகஸ்தர் வண்டி வராமல் போயிற்று. அண்ணாச்சி கடையில் சோப்பும் டீத்தூளும் தீர்ந்தது இந்த வழியில்தான். மார்ச் 29 அன்று மத்திய உள்துறைச் செயலர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், அத்தியாவசியம், அத்தியாவசியமற்றது என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாச் சரக்குப் போக்குவரத்தையும் அனுமதிக்கச் சொன்னது. முதல் ஐந்து நாள் நிலவிய தடை ஆணையின் பிழை என்பதை அந்தக் கடிதமே ஒப்புக்கொண்டுவிட்டது.

அதே கடிதத்தில் வேறொரு வரியும் இருந்தது. மளிகை என்பதில் கை கழுவும் திரவம், சோப்பு, பற்பசை, குழந்தைகளுக்கான டயப்பர், சானிட்டரி நாப்கின் ஆகியவையும் அடங்கும் என்று அது விளக்கியது. மார்ச் 24 ஆணையில் நாப்கின் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. பட்டியலில் இல்லாததால் தயாரிக்கும் கூடங்கள் மூடப்பட்டன, வண்டிகள் நின்றன. பள்ளிகள் மூடியதால் பள்ளி வழியாக இலவச நாப்கின் பெற்றுவந்த மாணவியருக்கு அந்த வழியும் அடைபட்டது. பிறகு உற்பத்தி அனுமதிக்கப்பட்டாலும், ஆட்கள் வேலைக்கு வந்து, மூலப்பொருள் வந்து, பெட்டி கடைக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆயின. நாட்டின் பெண்களில் பாதிப் பேருக்கு மாதந்தோறும் வேண்டிய ஒரு பொருள் ஆணை எழுதியவர்களின் நினைவுக்கு வரவில்லை. இந்தத் தட்டுப்பாட்டை எந்தப் பதுக்கல்காரர் உண்டாக்கினார்?

தமிழகத்தில் 2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 காலை 6 மணி முதல் 29 இரவு 9 மணிவரை மளிகைக் கடைகளும் இல்லாத முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அப்போது கடைகளுக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் மதியம் 1 வரை. கூட்டத்தைப் பார்த்த பிறகு 25ஆம் தேதிக்கு மட்டும் அது 3 மணிவரை நீட்டிக்கப்பட்டது. அந்த 9 மணி நேரத்தில் மக்கள் நெருக்கியடித்து நின்றதைத்தான் நாடு முழுவதும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

இதற்குக் கணக்கு எளிது. 25 முதல் 29 வரை 5 நாள். வழக்கமான ஊரடங்கு நேரப்படி நாளுக்கு 7 மணி என்றால் 35 மணி நேரத்தில் நடந்திருக்க வேண்டிய வியாபாரம் 9 மணி நேரத்துக்குள் திணிக்கப்பட்டது. ஒருவர்கூட ஒரு கிராம் அதிகம் வாங்காமல் தம் தேவையை மட்டும் வாங்கியிருந்தாலும், கடை வாசலில் கூட்டம் வழக்கத்தைப்போல ஏறத்தாழ 4 மடங்கு இருந்திருக்கும். அந்த ஊரடங்கு நேரமே சாதாரண நாளின் வியாபார நேரத்தில் பாதிதான். கடை வாசலில் ஓர் அடி இடைவெளிகூட இல்லாமல் போனதற்கு மக்களின் குணத்தை ஆராய வேண்டியதில்லை. நோய் பரவக் கூடாது என்று போட்ட ஆணை, நோய் பரவுவதற்கு ஏற்ற கூட்டத்தை அந்த ஒரு நாளில் கூட்டிக்கொடுத்தது.

அதற்குப் பத்து நாளுக்குள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. சென்னையின் காய்கறி, பழம், பூ மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி அந்த ஒரே வளாகத்தின் வழியாக நடந்துவந்தது. அங்கே தொற்று பரவியது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கும் போனது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, மே 10 முதல் திருமழிசையில் தற்காலிகச் சந்தை இயங்கியது. இடைப்பட்ட நாள்களில் காய்கறி விலை ஏறியது. தோட்டத்தில் கத்தரிக்காயும் தக்காளியும் பறிக்க ஆளின்றி, பறித்தாலும் அனுப்ப இடமின்றிக் கிடந்தன. ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகரின் காய்கறியை ஒரே வாசலில் கட்டிவைத்த ஏற்பாட்டை அன்று யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. வாசலில் நின்ற சில்லறை வியாபாரிகளையும் வாங்க வந்தவர்களையும் திட்டுவது எளிதாக இருந்தது.

பதுக்கல் என்ற சொல்லுக்கு வீடு வேண்டும், இடம் வேண்டும், முதலில் கையில் பணம் வேண்டும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர், கூலியை வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு கிலோ அரிசி, 100 கிராம் பருப்பு, 5 ரூபாய்க்கு எண்ணெய்ப் பொட்டலம், ஒரு கட்டு கீரை என்று அன்றன்றைக்கு வாங்குகிறவர். நோட்டில் எழுதிவைத்துக் கடன் கொடுக்கும் கடைக்காரர், தாமே ரொக்கம் கொடுத்துச் சரக்கெடுக்க வேண்டிய நிலை வந்ததும் கடனை நிறுத்தினார். குளிர்பெட்டி இல்லாத ஒற்றை அறை வீட்டில் நான்கு நாள் காய்கறியை வாங்கி எங்கே வைப்பது? இந்தக் குடும்பங்களுக்கு அலமாரி காலியானதைவிடக் கை காலியானதே பெரிய தட்டுப்பாடு. கடை நிறையச் சரக்கு இருந்திருந்தாலும் அவர்களால் வாங்க முடிந்திருக்காது. பீதிக் கொள்முதல் என்ற விளக்கத்தில் இவர்கள் எங்கேயும் இல்லை.

எதிர்வாதமாக உண்மையிலேயே கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது ஜப்பான். கழிவறைத் தாளுக்கான மூலப்பொருள் சீனாவிலிருந்து வருகிறது, இனி வராது என்ற வதந்தி 2020 பிப்ரவரி இறுதியில் அங்கே பரவி, கடைகள் காலியாயின. ஜப்பான் தனக்கு வேண்டிய கழிவறைத் தாளை ஏறத்தாழ முழுவதும் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. இங்கே தேவை இடம் மாறவில்லை, ஆணை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. வதந்திதான் காரணம் என்பது மெய். ஆனால் அந்தக் காலத்து ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு சிந்திக்க வைக்கிறது. வதந்தியைச் சொன்ன பதிவுகளைப் பார்த்தவர்கள் குறைவு. அது பொய், வாங்கிக் குவிக்காதீர்கள் என்று மறுத்த பதிவுகளே மிகப் பரவலாகப் போய்ச் சேர்ந்து, கொள்முதலைக் கூடுதலாகத் தூண்டின. அவற்றைப் பார்த்தவர்கள் வதந்தியை நம்பவில்லை. மற்றவர்கள் நம்பி வாங்கிவிடுவார்கள், நமக்கு இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டார்கள். காலி அலமாரியின் படத்தைக் காட்டி அறிவுரை சொல்லும் ஒவ்வொரு செய்தியும் இந்த வேலையைத்தான் செய்தது. மக்களைக் கடிந்துகொள்வது பயனற்றது என்று மட்டும் சொன்னால் போதாது. எதிர்விளைவும் அதற்கு உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் உண்மையான பதுக்கல்காரர்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இரு சகோதரர்கள் 17,700 புட்டி கிருமிநாசினியை வாங்கிவைத்து இணையத்தில் கொள்ளை விலைக்கு விற்க முயன்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. இந்தியாவிலும் முகக்கவசத்தையும், 2021இல் ஆக்சிஜன் உருளையையும் மருந்தையும் பதுக்கி விற்றவர்கள் பிடிபட்டார்கள். இவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்களே; சாகக் கிடப்பவரின் குடும்பத்திடம் பத்து மடங்கு விலை பறித்தவருக்கு எந்தக் கருணையும் தேவையில்லை. ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கும் வியாபாரியையும் வீட்டுக்காக வாங்கும் குடும்பத் தலைவியையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பம். தட்டுப்பாடு ஏற்கெனவே விலையை ஏற்றியிருந்ததால்தான் முதலாமவருக்குச் சந்தை கிடைத்தது. அவரைப் பிடித்தால் அநியாயம் ஒன்று நிற்கும். இல்லாத சரக்கு வந்துவிடாது.

கிருமிநாசினியில் இந்திய அரசு செய்ததே இதற்குச் சான்று. 2020 மார்ச் 13 அன்று முகக்கவசமும் கிருமிநாசினியும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. மார்ச் 21 அன்று 200 மில்லி புட்டிக்கு 100 ரூபாய் என உச்சவிலை வைக்கப்பட்டது. சட்டமும் விலையும் வந்த பிறகும் மருந்துக் கடைகளில் புட்டி இல்லை. வடிசாலைகளுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் கிருமிநாசினி தயாரிக்க அனுமதி கொடுத்து, எரிசாராயத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் சரக்கு பெருகியது. ஜூன் தொடக்கத்திலேயே ஏற்றுமதியை அனுமதிக்கும் அளவுக்கு உற்பத்தி உயர்ந்தது. அப்போதும் ஒரு விலக்கு: அழுத்தினால் பீச்சும் பம்பு பொருத்திய புட்டிகளை மட்டும் ஏற்றுமதி செய்யக் கூடாது. திரவத்துக்கு இனிப் பஞ்சமில்லை, அதன் மேலிருக்கும் சிறு பிளாஸ்டிக் பம்புக்குத்தான் பஞ்சம் என்பதை அரசே கண்டுகொண்டிருந்தது. தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளும் முறை இதுதான். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருளுக்குப் பொருள் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடாமல் பதுக்கலைக் குற்றம் சாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. 2020 மார்ச்சில் அங்கே பருப்புக்குக் கிலோ 65 ரூபாய், டின் மீனுக்கு 100 ரூபாய் என்று உச்சவிலை விதித்தார்கள். இறக்குமதிச் செலவுக்கு அந்த விலை கட்டாததால் பொருள்கள் கடைகளிலிருந்து மறைந்தன. சில வாரங்களிலேயே உச்சவிலை கைவிடப்பட்டது. மஞ்சளின் இறக்குமதியைத் தடுத்திருந்தார்கள். கிருமியைக் கொல்லும் என்று வீடுதோறும் மஞ்சள் கரைத்துத் தெளித்த அந்தக் காலத்தில் அதன் விலை கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது. ராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த மஞ்சள் மூட்டைகள் திரும்பத் திரும்பப் பிடிபட்டன.

2021 ஆகஸ்ட் 30 அன்று அதிபர் கோத்தபய ராஜபக்ச அவசரகால விதிகளைப் பிறப்பித்தார். அரிசியும் சீனியும் பதுக்கப்படுகின்றன என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ராணுவ அதிகாரி ஒருவர் அத்தியாவசியச் சேவைகளின் ஆணையாளராக நியமிக்கப்பட்டார். கிடங்குகள் சோதனையிடப்பட்டன, சீனி மூட்டைகள் கைப்பற்றப்பட்டன. உண்மையில் தீர்ந்துகொண்டிருந்தது டாலர். 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணி இருப்பு, 2021 ஜூலை முடிவில் 280 கோடியாகச் சுருங்கியிருந்தது. சுற்றுலா நின்றுபோயிருந்தது, இறக்குமதியாளர்களுக்கு வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. அக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு, சிமெந்து ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாட்டை அரசே நீக்கியது. 2022இல் எரிவாயு உருளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள், தாங்கள் எதையும் பதுக்காமலே அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தவர்கள். பதுக்கல்காரரைத் தேடிக் கழித்த மாதங்கள், இருந்த டாலரை உணவுக்கும் மருந்துக்கும் ஒதுக்கியிருக்கக்கூடிய மாதங்கள்.

பதுக்கல்காரரைத் தேடுவதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு. ஒருவருக்கு இவ்வளவு என்று கடைகள் வைத்த அளவுக் கட்டுப்பாடு சரியான நடவடிக்கையே. தமக்கு மிஞ்சாதோ என்ற அச்சத்தை அது குறைக்கிறது. நாளையும் கிடைக்கும் என்ற உறுதியைக் கொடுக்கிறது. முதியோருக்கென்று காலை முதல் மணியை ஒதுக்கிய ஆஸ்திரேலியப் பேரங்காடிகளின் ஏற்பாடும் அப்படியே. இரண்டும் யாரையும் பழிக்காமல் வேலை செய்தன.

வீட்டில் இருப்பு வைப்பதைக் குற்றம்போலப் பேசியதும் திருத்தப்பட வேண்டும். ஜப்பானிய அரசு தன் மக்களிடம் உணவையும் தண்ணீரையும் குறைந்தது 3 நாளுக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு வைத்திருக்கச் சொல்கிறது. கழிவறைத் தாளை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. அதன் உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலநடுக்க அபாயமுள்ள ஷிசுவோகா மாநிலத்தில் குவிந்திருப்பதுதான் காரணம். ஜெர்மனி 10 நாளுக்கு உணவு வைத்திருக்க அறிவுறுத்துகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதும் அன்று. குதிரில் நெல், பானையில் வருடத்துக்கான புளி, வெயிலில் காயவைத்த மிளகாயும் வத்தலும், செம்மண் கட்டிக் காயவைத்த துவரை என்று சேமித்து வாழ்ந்த வீடுகள்தாம் இவை. அமைதியான மாதங்களில் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த வீடு, நெருக்கடி நாளில் வரிசைக்கு வராத வீடு. அது மற்றவர்களுக்கு இடம் விடுகிறது. ஊரடங்கு அறிவித்த இரவில் எல்லோரும் ஒன்றாக ஓடியதற்கு, பெரும்பாலான வீடுகளில் இருப்பு இல்லை என்பதுதான் அடிப்படை.

இருப்பு வைக்க வசதியில்லாத வீடுகளில் அதைக் கொண்டுபோய் வைப்பது அரசின் வேலை. தமிழகத்தில் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருந்தது என்பதுதான் 2020இல் பசியைப் பெருமளவு தடுத்தது. அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷன் கடை வழியே இலவசமாகக் கிடைத்தன. நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீட்டுக்கே கொடுக்கப்பட்டதால், நெரிசலைக் குறைக்கவும் வழி இருந்தது. ரேஷன் அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் பலருக்கு இந்த வலை எட்டவில்லை. சொந்த ஊரை நோக்கி அவர்கள் நடந்தே புறப்பட்டது அதன் விளைவுகளில் ஒன்று.

2021இல் சில பாடங்கள் கற்கப்பட்டிருந்தன. மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று 22ஆம் தேதி அறிவித்தபோது, அன்றும் மறுநாளும் இரவு 9 மணிவரை கடைகள் திறக்க அனுமதிக்கப்பட்டன. காய்கறி விலை அந்த இரண்டு நாளிலும் ஏறத்தான் செய்தது. ஆனால் ஊரடங்கின்போது தோட்டக்கலைத் துறையின் வண்டிகள் தெருத்தெருவாகக் காய்கறி கொண்டுவந்தன. அடுத்த வாரம் மளிகைக் கடைக்காரர்கள் தொலைபேசியில் பட்டியல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க அனுமதி கிடைத்தது. மக்கள் அதே மக்கள்தான், ஏற்பாடு மாறியது. அந்த ஜூனில் ரேஷன் கடைகளில் 14 பொருள்கள் கொண்ட இலவசத் தொகுப்பு வழங்கப்பட்டது. கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, கடுகு, சீரகம், டீத்தூள் ஆகியவற்றோடு ஒரு குளியல் சோப்பும் ஒரு துணி சோப்பும் அதில் இருந்தன. கை கழுவச் சொல்லும் அரசு சோப்பையும் கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு முன் மத்திய ஆணையிலிருந்து விடுபட்டுப்போன சானிட்டரி நாப்கினை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் யாராவது யோசித்திருக்க வேண்டும். அடுத்த முறை அது பதினைந்தாவது பொருளாக இருக்க வேண்டும்.